அரைக் கட்டை ஏறிய ஓசூர்

ஓசூரில் மெட்டல் இசை கேட்கிற பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஒரு சின்னப் பத்திரிகை நடத்துகிறார்கள். எல்லோருக்கும் தோள்வரை முடி, எல்லோருக்கும் கறுப்புச் சட்டை, எல்லோருக்கும் ஐ.டி. கம்பெனியில் வேலை. அவர்களிடம் நான் எப்படியோ மாட்டிக்கொண்டேன். எண்பதுகளின் கடைசியிலேயே இந்த ஊரில் மெட்டல் கேட்டவன், கிடார் வாசித்தவன், கேசட் கம்பெனியில் பாட்டுக் கேட்பதையே வேலையாகப் பார்த்தவன் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். "அங்கிள், கிடார் வாசிக்கறவங்க மெட்டல் கேக்கறதுக்கும், சும்மா கேக்கறவங்க கேக்கறதுக்கும் என்ன வித்தியாசம்? உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க" என்றார்கள். கிடார்க்காரன்தான் ஆழமாகக் கேட்கிறான் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்க்கிறார்கள் போலிருக்கிறது. கேட்ட நான்கு பேரும் கிடார் வாசிக்கிறவர்கள்.

வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. அதனால் ஒருத்தனுடைய வேலையே போகப் பார்த்தது. அதற்குக் காரணம் நான்.

எனக்குச் சொந்த ஊர் சிங்காரப்பேட்டை. ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிக் படித்துவிட்டு ஓசூர் தொழிற்பேட்டைக்கு வந்தேன். லாரி பாகங்கள், கைக்கடிகாரம், மோட்டார் சைக்கிள் என்று பெரிய பெரிய கம்பெனிகளாக இருந்த ஊரில், எனக்குக் கிடைத்தது தகரக் கொட்டகைக்குள் நடந்த ஒரு கேசட் கம்பெனி. பக்திப் பாட்டு, நாட்டுப்புறப் பாட்டு, நாதஸ்வரம், கன்னட பஜனை என்று யார் எதைப் பதிவு செய்து கொண்டுவந்தாலும் ஆயிரக்கணக்கில் நகல் எடுத்துக் கொடுப்போம். முதல் வருடம் அட்டைப் பெட்டி ஒட்டினேன், இரண்டாம் வருடம் திருகாணி முடுக்கினேன், மூன்றாம் வருடம் செக்கிங்கில் உட்கார வைத்தார்கள். பயிற்சி என்றால் அவ்வளவுதான்.

செக்கிங் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தட்டில் ஐம்பது கேசட் வரும். அதில் இரண்டை எடுத்து, ஹெட்போன் மாட்டி, ஆரம்பத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் கேட்க வேண்டும். தாளில் நான்கு கட்டம்: சத்தம் போதுமா, இரைச்சல் உண்டா, நடுவே அறுந்து அறுந்து வருகிறதா, வேகம் சரியா. முதல் மூன்றையும் காது இருக்கிற எவனும் சொல்லிவிடுவான். வேகம்தான் தொல்லை. நாடா சிறிது வேகமாக ஓடினால் சுருதி ஏறும், மெதுவாக ஓடினால் இறங்கும். அதைப் பிடிக்க, மூல நாடாவின் தொடக்கத்தில் பத்து விநாடிக்கு ஒரே சீராக ரீங்காரம் போல ஒரு ஒலியைப் பதிந்து வைத்திருப்பார்கள். நகலில் அந்த ஒலி வரும்போது சுருதிக் கவையை, தட்டினால் எப்போதும் ஒரே சுருதியில் ஒலிக்கும் இரண்டு பல் இரும்பு முள்ளை, தட்டி மேசையில் ஊன்ற வேண்டும். இரண்டும் இழைந்தால் வேகம் சரி. வேகம் லேசாகத் தப்பினாலும் சத்தம் அலையடிக்கும்.

அந்தக் கவை ராவ் சாரின் மேசை டிராயரில் இருந்தது. ராவ் சார் எங்கள் தயாரிப்பு மேலாளர், கோலார் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் "ஹௌதா?" என்று கன்னடத்தில் மெதுவாகக் கேட்பார். அப்படியா என்பதுதான் அர்த்தம், ஆனால் கேட்டவனுக்கு அன்று சோறு இறங்காது. ஹெட்போனை எப்போதும் ஒரு காதில் மட்டும் மாட்டுவார். இன்னொரு காது எங்களுக்கு. கவையை மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருப்பார். ஒவ்வொரு தட்டுக்கும் அவர் அறைக்குப் போய் நின்று, அவர் டெலிபோன் பேசி முடித்து, மூக்குப்பொடி போட்டு, தும்மி, துணியைப் பிரித்துக் கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். தட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுபோனால், கல்யாணத்துக்கு இரவல் கொடுத்த நகையைச் சரிபார்ப்பது போல வாங்கிப் பார்ப்பார்.

இந்தச் சமயத்தில்தான் நான் கிடார் கற்றுக்கொண்டேன். பெங்களூரில் கிளாரன்ஸ் என்றொரு சிநேகிதன், அவன் கொடுத்த பழைய கிடார், அவனே சொல்லிக்கொடுத்த நான்கு பாடம்.

அதற்கு முன்பும் மெட்டல் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அப்போது அது எனக்கு ஒரே மொத்தச் சத்தம். ஜல்லி உடைக்கிற இயந்திரத்துக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும், சுகமாக இருக்கும், தலையை ஆட்டிக்கொண்டு கிடப்பேன். விரல் நுனி காய்த்துப்போன ஆறாவது மாதத்தில் எல்லாம் மாறிவிட்டது. பாட்டு போய்விட்டது, கை வந்துவிட்டது. இவன் வலது கையைக் கீழே மட்டும் அடிக்கிறானா, மேலும் கீழுமா? உள்ளங்கையைக் கம்பியின் அடியில் வைத்து அமுக்குகிறானா, எடுத்துவிட்டானா? இந்தச் சத்தம் ஆறாவது கம்பியா, ஐந்தாவதா? பாடுகிறவன் எனக்கு ஓர் இடைஞ்சலாகிவிட்டான். எப்போது வாயை மூடுவான், கிடார் எப்போது வரும் என்று காத்திருப்பேன். கிடார்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்து மெட்டல் கேட்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒருத்தன் தலையும் ஆடாது. பெண் பார்க்க வந்த தாய்மாமன்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு குறை கண்டுபிடித்துக்கொண்டிருப்பார்கள். நான் அந்தத் தாய்மாமன்களில் மூத்தவன்.

இந்தக் கர்வத்தோடு ஒருநாள் ராவ் சாரிடம், "சார், எனக்கு அந்தக் கவை வேண்டாம். தினம் கிடார் வாசிக்கறன், சுருதி காதுலயே நிக்குது" என்றேன்.

"ஹௌதா?" என்றார். பிறகு, "எங்க, பாடு பாக்கலாம்" என்றார். பாடினேன். கவையைத் தட்டினார். இழைந்தது. அடுத்த நாள் சொல்லாமல் கொள்ளாமல் கூப்பிட்டுப் பாடச் சொன்னார். இழைந்தது. மூன்றாம் நாளும் அப்படியே. மனிதர் அசந்துவிட்டார். "இனிமே நீ இங்க வந்து நிக்க வேண்டாம்ப்பா. உன் காது போதும்" என்றார். கொட்டகை முழுக்க இந்தச் செய்தி பரவியது. பரப்பியதும் நான்தான்.

அன்வர் அதைக் கேட்டுச் சிரித்தான். அன்வர் எங்கள் நகல் இயந்திரத்தை ஓட்டியவன், என் வயசுதான். அவனுடைய அத்தா குந்தாரப்பள்ளி சந்தையில் மாட்டு வியாபாரம் செய்தவர். அன்வருக்கு அந்தத் தொழில் என்றாலே கசக்கும். "துண்டுக்குள்ள கைய விட்டு வெல பேசணும்டா, எனக்கு அந்த வித்தை வராது. வேல பெர்மனென்ட் ஆவலன்னா அத்தா என்ன மாட்டோட சேத்துக் கட்டிடுவாரு" என்பான். மூன்று வருடமாகத் தற்காலிகத்தில் இருந்தான். அந்த வருடம் நிரந்தரப்படுத்துகிறோம் என்று ராவ் சார் சொல்லியிருந்தார். உத்தரவு மூன்று மாதத்தில் வர வேண்டும்.

என்னைப் போலவே அன்வரும் மெட்டல் பைத்தியம். ஆனால் எந்த வாத்தியத்தையும் தொட்டதில்லை. நான் கிளாரன்ஸிடம் இரவல் வாங்கும் கேசட்டை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அன்வர் ஒரு கழிவு மூல நாடாவில் ஏற்றி, நகல் இயந்திரத்தில் ஓட்டி, ஏழெட்டுப் பிரதி எடுத்துவிடுவான். அசல் அன்று மாலையே பெங்களூர் பஸ்ஸில் திரும்பிப் போகும். ஓசூரில் மெட்டல் கேட்ட ஏழெட்டுப் பேரும் அன்வர் கைப்பட்ட நகலைத்தான் கேட்டார்கள். இது கம்பெனிச் சட்டப்படி தப்பு. எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்த தப்பு.

அந்தச் சமயத்தில் நகல் பதியும் வெற்று நாடாவை ஓட்டும் மோட்டாரின் புல்லி, பெல்ட் சுற்றும் சின்னச் சக்கரம், உடைந்தது. பம்பாயிலிருந்து வரவழைக்க நாளாகும் என்று, ராவ் சார் உள்ளூர் லேத் பட்டறையில் ஒன்று கடைந்து வாங்கி மாட்டச் சொன்னார். மாட்டியபின் என்னைக் கூப்பிட்டு, "ஸ்பீட் பாத்தியா?" என்றார். ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். ஒலி கொஞ்சம் பளிச்சென்று இருந்த மாதிரிப் பட்டது. புதுப் புல்லி, அதனால் நன்றாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு, "சரியா இருக்குது சார்" என்றேன்.

அந்த வாரமே அன்வர் ஒரு புதுக் கேசட் நகல் எடுத்துக் கொடுத்தான். மாலையில் வீட்டுக்குப் போய் அதைப் போட்டுக் கூடவே வாசித்துப் பார்த்தேன். கிடார் சேரவில்லை, கீழே நின்றது. கிடார் வாசிக்கிற எவனும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஆணியை முறுக்கி, ஆறு கம்பியையும் மேலே ஏற்றினேன். கிடார் என்றால் சுருதி இறங்கும், அது அதன் பிறவிக் குணம். கேசட் எங்கே ஏறப்போகிறது? இப்போது இரண்டும் பிரமாதமாகச் சேர்ந்தன. மறுநாளிலிருந்து என் காதில் நின்றது இந்தப் புதுச் சுருதி. அதை வைத்துத்தான் தட்டுத் தட்டாகக் கேசட்டுகளைச் சரி, சரி, சரி என்று தாளில் குறித்துத் தள்ளினேன். கேசட்டை வைத்துக் கிடாரைத் திருத்தினேன், கிடாரை வைத்துக் கேசட்டுக்குச் சான்றிதழ் கொடுத்தேன். இதைவிட நிம்மதியான உத்தியோகம் உலகத்தில் உண்டா?

முதல் கம்பி மட்டும் வாரத்துக்கு ஒன்று அறுந்தது. கம்பி போலி என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போனேன்.

அன்வர்தான் முதலில் சொன்னான். சாப்பாட்டு நேரம், டிபன் பாக்ஸைத் திறந்தபடி, "சம்பத்து, அந்தக் கேசட்ல பாடறவன் கொரலு மெலிஞ்சு போச்சுடா. அசல்ல ஆம்பள மாதிரிப் பாடறான், நம்ம காப்பில மீச மொளைக்காதவன் மாதிரிப் பாடறான்" என்றான்.

"நீ கொரலக் கேக்கறியா? மெட்டல்ல கொரலயா கேப்பாங்க?"

"காதுல விழுவுதே, என்ன பண்ண?"

"கிடார எடுத்து வாசிச்சுப் பாத்தன்டா. அப்படியே ஒட்டுது. தப்பா இருந்தா ஒட்டுமா?"

"அது என்னமோ. இன்னொன்னும் பாரு. பெரிய சுருள்ல முப்பது கேசட் வரும், இப்ப முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு வருது. நாடா எப்படி மிஞ்சுது?"

"மிஞ்சினா நல்லதுதான? ராவ் சாரே கழிவு கொறைஞ்சிருக்குன்னு சந்தோசமா இருக்காரு."

"இல்லடா, எதோ..."

"அன்வரு, உனக்கு ஆறாவது கம்பிக்கும் அஞ்சாவது கம்பிக்கும் வித்தியாசம் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது என்றான். "அப்பறம் என்ன?" என்றேன். பிறகு வலது உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசிக்கும் முறை பற்றி அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை விளக்கினேன். பாவம், அவன் முழுவதையும் கேட்டான்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, மத்தூரிலிருந்து ஒரு நாதஸ்வரக்காரர் வந்தார். அவர் வாசித்த கேசட்டை நாங்கள்தான் நகல் எடுத்திருந்தோம். வெற்றிலைச் சிவப்பு வாயும், தோளில் உறையிட்ட நாதஸ்வரமுமாக நேரே ராவ் சார் அறைக்குள் போனார்.

"அய்யா, நான் ரெண்டு கட்டையில வாசிக்கறவன். முப்பது வருசமா அதே குழலுதான். உங்க கேசட்ல ரெண்டரையில வாசிக்கறன். எப்படிங்க?"

ராவ் சார் பணிவாக, "உங்க வீட்டு டேப் ரெக்கார்டர் வேகமா ஓடுதோ என்னமோ" என்றார்.

"நாலு வீட்ல போட்டுப் பாத்தாச்சு. கல்யாண வீட்ல என்ன சொல்றாங்க தெரியுங்களா? 'கேசட்ல விறுவிறுன்னு வாசிச்சீங்க, நேர்ல இழுக்கறீங்களே, ஒடம்பு முடியலயா'ங்கறாங்க. எனக்கு வயசாயிடுச்சுன்னு ஊரு பூராப் பேச்சு."

சொல்லிவிட்டு உறையைக் கழற்றினார். எங்கள் செக்கிங் டெக்கில் கேசட்டை ஓடவிட்டு, அந்தச் சின்ன அறைக்குள்ளேயே வாசிக்கத் தொடங்கினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பேக்கிங் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வாசலில் கூடிவிட்டார்கள். இரண்டு நாதஸ்வரமும் ஒன்றையொன்று கடித்தன. அதற்குக் கவை எதுவும் தேவைப்படவில்லை.

ராவ் சார் தாளை எடுத்தார். வேகம்: சரி. கீழே என் கையெழுத்து. "சம்பத்?" என்றார்.

இந்த இடத்தை எழுதத்தான் கூசுகிறது. எனக்குச் சந்தேகமே வரவில்லை என்பதுதான் நிஜம். என் காது தப்பாது. ஆகவே தப்பு வேறெங்கோ நடந்திருக்க வேண்டும். "நான் பாக்கும்போது சரியாத்தான் இருந்துது சார். அப்பறமா யாராச்சும் மெஷின்ல கை வெச்சிருப்பாங்க" என்றேன். யாரையும் பேர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, இயந்திரத்தை ஓட்டுகிறவன் ஒருத்தன்தான். ராவ் சார் எழுந்துபோய் அன்வரின் இயந்திரத்தைப் பார்த்தார். மதியம் ஓட்டிய மெட்டல் நாடா அதில் அப்படியே மாட்டியிருந்தது.

"ஹௌதா?" என்றார்.

தன் பாட்டை ஏற்றுவதற்காக அன்வர் மோட்டாரை நோண்டி வேகத்தைக் கெடுத்துவிட்டான் என்று முடிவானது. ஏன் வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுக்கச் சொல்லி, கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அன்வர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் சைக்கிள் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் பெங்களூர் போனேன். ஆமாம், கிடார் வாசிக்கத்தான் போனேன். கிளாரன்ஸ் வீட்டில் அவனும் பேஸ் கிடார் வாசிக்கும் ஒருத்தனும் காத்திருந்தார்கள். தொடங்கிய அரை நிமிடத்தில் இரண்டு பேரும் நிறுத்தினார்கள்.

"மச்சா, எந்த ஊர்ல ட்யூன் பண்ண?" என்றான் கிளாரன்ஸ்.

"என்னுது கரெக்டு. நீங்க ரெண்டு பேரும்தான் எறங்கியிருக்கீங்க" என்றேன்.

கிளாரன்ஸ் ஹார்மோனியப் பெட்டியைத் திறந்து ஒரு கட்டையை அமுக்கினான். "இதுவும் எறங்கியிருக்குது" என்றேன். வாயால் ஊதும் சின்னச் சுருதிக் குழல் ஒன்றை எடுத்து ஊதினான். "அதுவும்" என்றேன். பேஸ்காரன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். பெங்களூர் முழுவதும் சுருதி இறங்கிவிட்டது, ஓசூர்தான் உலகத்தில் சரி என்று நான் வாதாடிக்கொண்டிருந்தேன். கடைசியில் கிளாரன்ஸ் அசல் கேசட்டை எடுத்துப் போட்டான்.

மெதுவாக இருந்தது. கனமாக இருந்தது. பாடுகிறவன் வாயைத் திறந்தான். முழு ஆம்பளை. மீசை மட்டுமல்ல, அவனுக்குப் பேரப்பிள்ளைகளே இருக்கும் என்று பட்டது. அன்வர் டிபன் பாக்ஸைத் திறந்தபடி சொன்ன ஒவ்வொரு சொல்லும் காதில் வந்து விழுந்தது. இதை அவன் எனக்குச் சொன்னபோது நான் அவனுக்கு உள்ளங்கை விளக்கிக்கொண்டிருந்தேன். கிடாரைக் கிளாரன்ஸ் வீட்டிலேயே வைத்துவிட்டு ஓசூர் பஸ் ஏறினேன். ஓசூர் வந்து சேரும்வரை எனக்கு நானே ஒரு நல்ல வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை ராவ் சார் அறை திறக்கும்போதே போய் நின்றேன். "சார், அந்தக் கவை வேணும்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். மூக்குப்பொடி போடவில்லை, தும்மவில்லை, துணியைப் பிரித்துக் கொடுத்தார். நாதஸ்வரக் கேசட்டின் தொடக்க ஒலியை ஓடவிட்டுக் கவையை முழங்காலில் தட்டி மேசையில் ஊன்றினேன். ஒன்று கீழே, ஒன்று மேலே. இழையவில்லை, அலையக்கூட இல்லை, அவ்வளவு தூரம்.

"மெஷின்ல யாரும் கை வெக்கல சார். புல்லி மாத்துன நாள்லேர்ந்தே தப்பு. என் காதும் தப்பு" என்று ஆரம்பித்துக் கிடார் ஆணி முறுக்கியதுவரை சொன்னேன். சொல்லும்போதே ஒன்று புரிந்தது. எந்தக் கேசட்டை வைத்துச் சுருதி சேர்த்தேன் என்று சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அதைச் சொன்னால் திருட்டு நகலும் வெளியே வரும். "அந்த இங்கிலீஷ் கேசட்டுங்க எல்லாம் நான் கொண்டாந்தது சார். நான்தான் நச்சரிச்சு அவன காப்பி போட வெச்சன்" என்றேன். அதில் பாதிதான் பொய்.

ராவ் சார் உடைந்த பழைய புல்லியைக் குப்பைத் தகரத்திலிருந்து எடுத்துவரச் சொல்லி, வெர்னியர் அளவுகோலை வைத்து அதையும் அளந்தார், லேத் பட்டறைப் புல்லியையும் அளந்தார். புதுசு சிறுத்திருந்தது. புல்லி சிறுத்தால் நகல் நாடா மெதுவாக ஓடும், நாடா மிஞ்சும், மெதுவாகப் பதிந்ததை வீட்டில் வழக்கமான வேகத்தில் போட்டால் பாட்டு வேகமாக ஓடும், சுருதியும் ஏறும். அன்வர் சொன்ன இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றன. அந்தப் புல்லிக்கு உத்தரவு கொடுத்தவர் ராவ் சார். அவரும் ஒரு நிமிடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பாட்டக் கேக்கலப்பா" என்றார் கடைசியில், குரலை உயர்த்தாமல். "ரெண்டு மாசமா உன் கையத்தான் கேட்டிருக்கே."

அன்வருக்குக் கொடுத்த தாளை அவரே வாங்கிக் கிழித்தார். நிரந்தர உத்தரவு ஒரு மாதம் தாமதமாக வந்தது, ஆனால் வந்துவிட்டது. நாதஸ்வரக்காரருக்குச் சரியான வேகத்தில் புதிய கேசட்டுகள் போயின. என்னைச் செக்கிங்கிலிருந்து எடுத்துப் பேக்கிங்குக்குப் போட்டார்கள். என் நாற்காலியில் அன்வரை உட்கார வைத்து, கவையைத் துணியோடு அவன் மேசையிலேயே வைத்துவிட்டார் ராவ் சார். இரண்டு வருடம் அவன் கையெழுத்துப் போட்ட கேசட்டுகளை நான் பெட்டியில் அடுக்கினேன்.

திங்கட்கிழமை மாலைக்கு வருகிறேன். ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே அன்வர் நின்றிருந்தான். நன்றி சொல்லப்போகிறான் என்று ஒரு கணம் நினைத்தேன் பாருங்கள், அதுதான் நான்.

"மெஷின்ல யாரோ கை வெச்சாங்கன்னு நீதான் சொன்னியாமே?" என்றான்.

"ஆமாடா."

"நீ தப்பாக் கேட்டது போவட்டும். எல்லாருந்தான் தப்பாக் கேக்கறாங்க. நான் உங்கிட்ட வந்து ரெண்டு விசயம் சொன்னன்டா. உனக்குக் கம்பி தெரியுமான்னு கேட்ட." "மூணு நாளா எங்கத்தா மூஞ்சியப் பாக்க முடியல."

மன்னித்துக்கொள் என்றேன். அது போதாது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டே பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது, இவன் இனிமேல் என்னோடு பேசாமலே போய்விடுவானோ என்று. கடைசியில், "அன்வரு, அந்தக் கேசட்ல உனக்கு என்னென்ன கேக்குதுன்னு சொல்லு" என்றேன்.

"எதுக்கு?"

"எனக்குக் கேக்க மாட்டேங்குது. சொல்லு."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தான். பாடுகிறவன் இரண்டாவது பாட்டில் மூச்சு வாங்குகிற இடம், டிரம்ஸ்காரன் ஒரு இடத்தில் அவசரப்பட்டு முந்திவிடுவது, கடைசிப் பாட்டு முடிந்தபின் யாரோ லேசாக இருமுவது. நூறு தடவை ஓட்டிய கேசட், இதில் ஒன்றுகூட நான் கேட்டதில்லை. பஸ் ஸ்டாண்டு நெருங்க நெருங்க அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது, கையை ஆட்டிப் பேசினான். "நாலாவது பாட்டுல நடுவுல ஒரு வயலின் வருமே சம்பத்து, அழுவற மாதிரி, அங்கதான்டா எனக்கு உசுரே போவும்" என்றான்.

அது வயலின் இல்லை, கிடார். நான் ஒன்றும் சொல்லவில்லை.